ஐந்து பலகைக்கு ஐந்து ஜீரோ

தென்மலைக்கு அந்தப் பக்கம் வீட்டோடு சேர்த்து விடுதி நடத்தும் ஒருவர், தன் தோட்டத்து மரங்களுக்கெல்லாம் பெயர்ப்பலகை கேட்டிருந்தார். மொத்தம் 48. எல்லாமே 300 மி.மீ. நீளம், 100 மி.மீ. உயரம். ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு பெயர்: மேலே மலையாளம், கீழே தமிழ். குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படியே புளியரை தாண்டி மலையேறிவிடுவதால் அவருக்குத் தமிழும் வேண்டியிருந்தது. "இங்கிலீஷ் வேண்டாமா சேட்டா?" என்றேன். "அதுக்கு போன் உண்டல்லோ அண்ணாச்சி" என்றார். நல்லதாகப் போயிற்று. நூறு மில்லிமீட்டரில் மூன்று வரி எழுதினால் எதையும் படிக்க முடியாது.

எங்கள் பட்டறையில் ஓடுவது சி.என்.சி. ரூட்டர்: கணினி சொல்லும் வழியில் சுழலும் பிட் போய் மரத்தைச் செதுக்கும், அறுக்கும். எம்டிஎஃப்பிலோ (மர நாரை அமுக்கிச் செய்த பலகை) பிளைவுட்டிலோ என்றால் இந்த ஆர்டரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எட்டுக்கு நான்கு ஷீட்டைப் போடு, ஒரு ஜீரோ (பிட் அளக்கத் தொடங்கும் இடம்) எடு, மென்பொருள் துண்டுகளை அடுக்கித் தரும், ஓட்டிவிடு. வெளியே மழையில் நிற்கப்போகும் பலகைக்கு எம்டிஎஃப் ஆகாது, ஒரு சாரலுக்கே ஊதிவிடும். நிஜ மரம்தான் வேண்டும். அயனி எடுத்தோம். தேக்குக்கு ஆகும் காசு இல்லை, வெயில் மழைக்கு அது தாங்கும், அந்தப் பக்கத்துக்காரர்கள் படகுக்கும் கதவுக்கும் பரம்பரையாகப் போடுகிற மரம். தேக்கில் சிலிக்கா இருப்பதால் பிட் சீக்கிரம் மழுங்கும். அந்தத் தொல்லையும் இதில் குறைவு.

செங்கோட்டையில் மர அறுவை மில்லுக்குப் பஞ்சமில்லை. ஒன்பது அங்குல அகலம், ஏழடி நீளம், ஓர் அங்குலக் கனம் என்று ஐந்து பலகை கிடைத்தது. நான்கு ரொம்ப நாளாக நிழலில் அடுக்கி வைத்த சரக்கு. ஈரமானி 12, 13 சதவீதம் காட்டியது. ஐந்தாவது புதிய அறுப்பு, 18. மில்லில் "எல்லாம் ஒரே லோடுதான்" என்றார்கள். மீட்டர் வேறு சொல்லியது. ஆனி, ஆடியில் இங்கே காற்றிலேயே தண்ணீர் இருக்கும், 12க்குக் கீழே எதிர்பார்க்கவும் முடியாது. 18 உள்ள பலகையைச் செதுக்கினால், மேல்பக்கம் மட்டும் திறந்து வேகமாகக் காய்ந்து கிண்ணமாக வளையும். அதை ரீப்பர் கொடுத்து மின்விசிறிக்கு நேராகத் தனியே நிறுத்தினேன்.

கணக்குப்படி நான்கு பலகையே போதும். ஒன்பது அங்குலம் என்றால் சுமார் 229 மி.மீ. இரண்டு வரிசைத் துண்டுக்கு 200, நடுவில் பிட் ஓட இடைவெளி 10, இரண்டு ஓரத்திலும் ஒன்பது ஒன்பதரை மிச்சம். நீளத்தில் 300 துண்டும் 10 இடைவெளியுமாக ஆறு துண்டு. ஒரு பலகையில் 12, நான்கு பலகையில் 48. ஸ்க்ரூ அடிக்க முனைக்கு 140 மி.மீ. அளவுக்கு மரம் மிஞ்சும்.

நிஜப் பலகையில் கணு இருக்கும், ஓரத்தில் வெள்ளை (மிருதுவான வெளிமரம்) இருக்கும், முனையில் வெடிப்பு இருக்கும். துண்டுகளை அடுக்கும் நெஸ்டிங் மென்பொருளுக்கு அதெல்லாம் தெரியாது. அதற்குப் பலகை என்றால் ஒரு செவ்வகம். அதனால் ஒவ்வொரு பலகையையும் தரையில் போட்டு, பக்கத்தில் டேப்பை நீட்டிவைத்து, ஏணிமேல் நின்று நேர்மேலிருந்து போட்டோ எடுத்தேன். அந்தப் படத்தை வரைபடத்தின் அடியில் வைத்து, டேப்பில் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கி, அதன்மேல் துண்டுகளை நகர்த்தி வைத்தேன். போன் கேமரா ஓரங்களில் கொஞ்சம் வளைத்துக் காட்டும். ஐந்து மில்லிமீட்டர் முன்னே பின்னே போகும். கணுவைத் தவிர்க்க அது போதும். கணு எழுத்தின்மேல் வரக்கூடாது என்பதுதான் கவலை. எழுத்தில்லாத மூலையில் வந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பார்க்க நன்றாகவே இருக்கும். இதில் மூன்று துண்டுக்கு இடம் போனது, ஆகவே ஐந்தாவது பலகையும் உள்ளே வரவேண்டியதாயிற்று. காயும் வரை காத்திருந்தோம்.

இப்போது எழுத்து விஷயம். வரைபடத்தைப் பிட் ஓடும் பாதையாக மாற்றித் தருவது கேம் மென்பொருள். என்னிடம் உள்ளது பழைய ஆர்ட்கேம். ஆட்டோடெஸ்க் 2018இல் அதை நிறுத்திவிட்டது, இந்தப் பக்கத்துப் பட்டறைகள் இன்னும் விடவில்லை. அதில் நேரடியாகத் தமிழ் தட்டினால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். 'கொன்றை' என்று அடித்தால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம். மலையாளக் கூட்டெழுத்து இன்னும் மோசம். அதனால் எழுத்து வேலை முழுக்க இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில். அங்கே யூனிகோடு ஒழுங்காக உட்காரும். அடித்து முடித்ததும் எழுத்தைப் பாதையாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் கோடுகளை ஒன்றாகச் சேர்த்து, பிறகுதான் கேம் பக்கம் கொண்டுபோக வேண்டும். சேர்க்காமல் விட்டால், கொம்பு எழுத்தைத் தொடும் இடத்தில் உள்ளே ஒரு தீவு இருப்பதாக நினைத்து வி-பிட் (வி வடிவ முனை உள்ள பிட்) அதைச் சுற்றிக்கொண்டு போகும்.

எழுத்துருவுக்கு பலூ குடும்பத்தை எடுத்தேன். தமிழுக்கு பலூ தம்பி, மலையாளத்துக்கு பலூ சேட்டன். இரண்டும் ஏக் டைப் என்ற குழு ஒரே கையால் போட்டதுபோல அமைத்தவை, இலவசம். எல்லைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைக்க முடியாது. ரொம்பத் தடித்த வகையை எடுக்காதீர்கள். ண, ஞ, ஐ போன்றவற்றில் உள்ளே இருக்கும் சின்ன வெளி, 26 மி.மீ. எழுத்தில் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு வந்துவிடும். அது மரத்தின் ரேகைக்குக் குறுக்கே நிற்கும் மெல்லிய மரம், பிட் பட்டதும் பொட்டென்று தெறித்துப் போகும். நடுத்தர தடிமன் போதும். 26 என்பதும் சும்மா எடுத்த அளவல்ல. பட்டியலிலேயே நீளமான பெயர் 'சரக்கொன்றை'. அது 270 மி.மீ.க்குள் உட்காரும்படி ஓர் உயரம் எடுத்து, எல்லாப் பெயருக்கும் அதையே வைத்தேன். 'புளி' பாவம், நடுவில் தனியாக நிற்கும். ஆனால் பெயருக்குப் பெயர் எழுத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கினால் கோட்டின் அகலமும் வெட்டின் ஆழமும் மாறி, வரிசையாக வைக்கும்போது வெவ்வேறு பட்டறையில் செய்ததுபோல இருக்கும்.

மலையாளப் பட்டியல் வாட்ஸாப்பில் வந்தது. அதில் சில்லு எழுத்துகள் (உயிர் சேராத சில மெய்களுக்கு மலையாளத்தில் உள்ள தனி வடிவம்) சில இடத்தில் உடைந்து, தலைக்குமேல் சந்திரக்கலையோடு (நம் புள்ளி போன்ற குறி) நின்றன. யூனிகோடில் சில்லுக்கென்று தனி எழுத்து 2008இல்தான் வந்தது. அதற்கு முன்பு மெய்யெழுத்தோடு கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறி சேர்த்து அடிப்பார்கள். அப்படி அடித்ததை நகலெடுத்து ஒட்டும்போது அந்தக் குறி எங்கேயாவது கழன்றுவிடும். அவற்றையெல்லாம் கையால் திரும்ப அடித்தேன். பிழை பார்க்க எங்கள் மூத்த தச்சர் இருக்கிறார். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். அவர் சின்ன வயதில் மலையாளம் படித்தவர். காகிதத்தில் முழு அளவில் அச்சடித்துக் கொடுத்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு இடத்தில் வட்டம் போட்டார். அதன்பிறகு அதே தாளைச் சேட்டனுக்கு அனுப்பி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். மரத்தில் வெட்டிய எழுத்துக்கு அழிரப்பர் கிடையாது. கையெழுத்து இல்லாமல் நான் ஸ்பிண்டிலை (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) ஓட்டுவதில்லை.

சரி, மெஷினுக்கு வருவோம். பெட், அதாவது மேலே எம்டிஎஃப் போட்ட மேசை, 1300 மி.மீ.க்கு 2500. ஐந்து பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால், நடுவே 20 மி.மீ. இடைவெளி விட்டும் 1230க்குள் அடங்கிவிடும். ஆகவே ஐந்தையும் ஒரேயடியாக ஏற்றலாம். இங்கேதான் இந்த வேலையின் முழு சூட்சுமமும் இருக்கிறது.

கனத்தைச் சமமாக்கும் திக்னசர் மெஷினில் ஐந்தையும் ஒரே அமைப்பில், 22 மி.மீ.க்கு ஓட்டியிருந்தேன். ஓட்டி முடித்து வெர்னியரில் அளந்தால் 22.0, 22.1, 21.8, 22.3, 22.2. மரம் அப்படித்தான். இறுகிய பலகை ரோலருக்கு அடியில் கொஞ்சம் எழும்பும், மிருதுவானது அமுங்கும். அரை மில்லிமீட்டர் வித்தியாசம். அலமாரிக் கதவுக்கு அது ஒன்றுமேயில்லை. வி-பிட்டுக்கு அது பெரிய விஷயம், ஏனென்றால் வி-பிட்டில் ஆழம்தான் அகலம். 90 டிகிரி பிட் என்றால் அரை மில்லிமீட்டர் ஆழம் கூடினால் கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டர் கூடும். நான்கு மில்லிமீட்டர்க் கோடு ஐந்தாகிவிடும், எழுத்து தடித்த வகைபோலத் தெரியும். 60 டிகிரி பிட்டில் அதே அரை மில்லிமீட்டருக்கு அகலம் சுமார் 0.6தான் கூடும். அதனால் பலகை வேலைக்கு நான் எப்போதும் 60தான் மாட்டுவேன். ஆழம் அதிகம் போகும். நான்கு மில்லிமீட்டர்க் கோட்டுக்கு 90இல் 2 மி.மீ. போதும், 60இல் ஏறக்குறைய மூன்றரை. 22 கனத்தில் மூன்றரை போனால் ஒன்றும் ஆகாது, நிழல் நன்றாக விழும், பெயிண்டும் நிறையப் பிடிக்கும்.

60 போட்டாலும் அந்த 0.6 கண்ணுக்குத் தெரியும். ஆகவே பலகைக்கு ஒரு ஜீரோ. மெஷினை ஓட்டும் மாக்-3 மென்பொருளில் ஜி54 முதல் ஜி59 வரை ஆறு வேலை ஆயங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு தனி ஜீரோவை நினைவில் வைத்திருக்கும். பெரும்பாலான பட்டறையில் ஜி54 ஒன்றே காலம் முழுக்க ஓடும். மிச்ச ஐந்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் செய்தது இதுதான்: பெட் முழுவதையும் ஒரே வரைபடமாக வரைந்து, பலகைகளை அவை கிடக்கும் இடத்திலேயே வைத்தேன். எக்ஸும் ஒய்யும் ஆறு ஆயத்திலும் பெட்டின் அதே மூலை. இசட் (உயரம்) மட்டும் வேறு. ஜி54இல் முதல் பலகையின் மேல்பரப்பு, ஜி55இல் இரண்டாவது, இப்படி ஜி58 வரை ஐந்து பலகை. ஜி59இல் பெட்டின் பரப்பு. எழுத்து செதுக்கும்போது பலகையின் மேலிருந்து அளக்க வேண்டும். துண்டாக அறுக்கும்போது பெட்டிலிருந்து அளக்க வேண்டும். மேலிருந்து அளந்து அறுத்தால் கனமான பலகையில் அடிவரை போகாது, மெல்லிய பலகையில் எம்டிஎஃப்பைத் தின்னும்.

இதனால் இன்னொரு லாபம். பிட் மாற்றினால் அதன் நீளம் மாறும், இசட் மறுபடி எடுக்க வேண்டும். வி-பிட்டை மாட்டி ஐந்து பலகைக்கும் டச் பிளேட்டில் (பிட் தொட்டதும் உயரத்தைப் பதியும் தகடு) ஐந்து ஜீரோ. ஐந்தையும் செதுக்கி முடி. அப்புறம் 6 மி.மீ. பிட்டை மாட்டி பெட்டில் ஒரே ஒரு ஜீரோ. 48 துண்டையும் ஒரே ஃபைலில் அறு. பலகைக்குப் பலகை பிட் மாற்றிக்கொண்டிருந்தால் பிட்டைக் கவ்வும் காலட்டைத் திருகுவதிலேயே பொழுது போய்விடும்.

இதற்கு மெஷினில் ஹோம் சுவிட்ச் (மெஷின் தன் தொடக்க மூலையைத் தானே கண்டுபிடிக்க உதவுவது) இருக்க வேண்டும், அது முக்கியம். ஹோம் இல்லாத மெஷினில் கரண்ட் போய் வந்தால் ஆறு ஆயமும் அர்த்தமில்லாத எண்கள். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் கரண்ட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது பலகை ஓடும்போது போனது. வந்ததும் ஹோமுக்கு அனுப்பிவிட்டு அந்தப் பலகையின் ஃபைலை மட்டும் முதலிலிருந்து ஓட்டினேன். ஏற்கெனவே வெட்டிய பள்ளத்திலேயே பிட் காற்றில் போய்வந்தது, ஒரு மயிரிழை விலகவில்லை. செதுக்கும் ஃபைலைப் பலகைக்கு ஒன்றாக வைத்திருந்ததும் இதற்காகத்தான். கேம் மென்பொருளில் மெஷினுக்கான ஃபைலை எழுதித் தரும் போஸ்ட் பிராசசர் ஜி54, ஜி55 என்று தானாக எழுதாது. நோட்பேடில் திறந்து முதல் வரியில் கையால் சேர்த்தேன்.

"எல்லாப் பலகையையும் பெட்டிலேயே வைத்து சமப்படுத்தும் பிட்டால் ஒரு சீவு சீவிவிட்டால் ஒரே ஜீரோ போதுமே அண்ணே" என்று பட்டறைப் பையன் கேட்டான். சரியான கேள்வி. 25 மி.மீ. பிட்டில் 12 மி.மீ. தள்ளித் தள்ளிப் போனால் ஒரு பலகைக்கு இருபது நடை, 42 மீட்டர்ப் பயணம். நிமிடத்துக்கு 5 மீட்டர் வேகத்தில் எட்டரை நிமிடம். ஐந்து பலகைக்கு முக்கால் மணி நேரம். அதுகூடப் பரவாயில்லை, பிட் போன கோடுகளை உப்புத்தாளில் தேய்த்து எடுப்பது யார்? ஒரு மில்லிமீட்டருக்குமேல் வித்தியாசம் இருந்தால் சீவுவேன். அரைக்கு ஐந்து முறை டச் பிளேட் வைப்பது சுளுவான வேலை. பலகைக்கு முன்னே, நடுவே, பின்னே தொட்டுப் பார்த்து நடுவான எண்ணை எடுத்தேன்.

சீவியது எம்டிஎஃப் பெட்டை மட்டும். மழைக்காலத்தில் அது அங்கங்கே ஊதி மேடு தட்டும். பெட்டிலிருந்து அளக்கிறோம் என்றால் பெட் ஒழுங்காக இருக்க வேண்டுமே.

பலகையைப் பிடித்துவைக்க வேக்கம் (அடியிலிருந்து காற்றை உறிஞ்சிப் பிடிப்பது) சரிப்படாது. பலகை லேசாக முறுக்கியிருந்தாலும் அடியில் காற்று புகுந்துவிடும். முனைகளில் மிச்சம் விட்ட இடத்திலும், துண்டு வராத கணுப் பக்கத்திலும் ஸ்க்ரூ. ஒவ்வொரு ஸ்க்ரூவின் இடத்தையும் வரைபடத்தில் சிவப்பு வட்டமாகப் போட்டுக்கொண்டு, தலை மரத்துக்குள் புதையும்படி இறக்கினோம். ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது வேலைக்காகாது.

வி-பிட் 18,000 சுற்று, நிமிடத்துக்கு 2 மீட்டர். பிறகு மாட்டுவதற்கு ஆணி போகும் இடங்களில் அதே பிட்டால் ஒரு புள்ளி மட்டும் குத்தவைத்தேன். ஓட்டை பிறகு கை டிரில்லில். அறுப்பதற்கு இரண்டு பல் 6 மி.மீ. பிட், 16,000 சுற்று, நிமிடத்துக்கு 3.2 மீட்டர். ஒரு பல் ஒரு தடவைக்கு 0.1 மி.மீ. கடிக்கும் கணக்கு. இதைவிட மெதுவாகப் போனால் சீவல் வராது, மாவு வரும். மாவு வந்தால் பிட் சூடாகிறது என்று அர்த்தம், அயனி கருகிய வாசனை பட்டறை முழுக்க நிற்கும். ஆழத்தை ஐந்து நடையாகப் பிரித்தேன். கடைசி நடையில் பெட்டுக்குள் 0.2 இறங்கும்.

துண்டு கழன்று பறக்காமல் இருக்கப் பாலம், அதாவது அறுக்காத சின்ன இணைப்பு, விடவேண்டும். நீளப் பக்கத்தில் பக்கத்துக்கு இரண்டு, 8 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம். மென்பொருள் தன் இஷ்டத்துக்குக் குட்டைப் பக்கத்திலும் பாலம் வைக்கும், அவற்றை எடுத்துவிடுங்கள். குட்டைப் பக்கம் முனை மரம். அங்கே பாலத்தை உளியால் வெட்டினால் நார் பிய்ந்து குழி விழும், தேய்த்தாலும் போகாது. நீளப் பக்கத்தில் இழைப்புளியால் ஓர் இழுப்பு, தடமே இருக்காது.

ஐந்தாவது பலகை கடைசிவரை கொஞ்சம் பிடிவாதம்தான். மீட்டர் 14க்கு இறங்கிய பிறகுதான் ஏற்றினேன், இருந்தும் செதுக்கி முடித்ததும் நடுவே லேசாக எழும்பியது. எழுத்துக்கு முன்னாலேயே எழும்பியிருந்தால் பாழ். அறுக்கும்போது எழும்பினால் கவலையில்லை, பெட்டிலிருந்துதானே அளக்கிறோம். மேலே ஒரு ரீப்பரை வைத்து அமுக்கிப் பிடித்து ஓட்டினோம்.

பூச்சு வேலை சுருக்கமாக. முதலில் சீலர் எழுத்துப் பள்ளத்துக்குள்ளும் படும்படி அடிக்க வேண்டும். அது இல்லாமல் கறுப்பு பெயிண்டை விட்டால் ரேகை வழியே கசிந்து எழுத்துக்கு மீசை முளைக்கும். சீலர் காய்ந்து, பெயிண்ட் காய்ந்து, பிறகு மேல்பரப்பை 120, அடுத்து 180 நம்பர் உப்புத்தாளில் தேய்த்தால் பெயிண்ட் பள்ளத்தில் மட்டும் நிற்கும். வினைல் ஒட்டிச் செதுக்கி, பெயிண்ட் அடித்து உரிக்கிற முறை இன்னும் சுத்தம். ஆனால் இந்த ஈரத்தில் வினைல் ஓரம் தூக்கிக்கொள்கிறது. மேலே பியூ (பாலியூரித்தேன்) பூச்சு இரண்டு கோட், பின்பக்கமும் முனைகளும் சேர்த்து. மெலமைன் பாலிஷ் மழைநாளில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துப்போகும், வெளியே தாங்கவும் தாங்காது.

சரக்கை ஏற்றும்போது சேட்டன், மரத்தில் நேரே ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடலாமா என்று கேட்டார். மரம் பருக்கும், பலகையைத் தள்ளும், ஸ்க்ரூ பிடிவிடாவிட்டால் பலகை நடுவே பிளக்கும். சில வருடம் போனால் பட்டை பலகையின் ஓரத்தையே விழுங்கத் தொடங்கும். அதனால் ஓட்டைக்கு ஒன்றாக அலுமினிய ஆணியும் சின்ன ஸ்பிரிங்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். ஆணித்தலைக்கும் பலகைக்கும் நடுவில் ஸ்பிரிங், ஆணி பாதிதான் உள்ளே. மரம் பருக்கப் பருக்க ஸ்பிரிங் அமுங்கிக்கொடுக்கும். கமுகுக்கு மட்டும் ஆணி வேண்டாம் என்று சொல்லி, அதற்குப் பக்கத்தில் நட ஒரு கம்பும் வண்டியில் போட்டனுப்பினேன்.